கட்டைவிரலில் பிளாஸ்டர்

அம்மாடி,

போன் செய்தால் டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று பாதியில் விடாதே. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கிணற்றடித் தென்னையில் வண்டு விழுந்திருக்கிறது, அது கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் இடது கட்டைவிரலில் பிளாஸ்டர் பார்த்தேன். காய் நறுக்கும்போது பட்டது என்றாய். நீ என்றைக்கம்மா காய் நறுக்கினாய்? அம்மா நம்பிவிட்டாள். நானும் நம்பியதாகவே வைத்துக்கொள், நான் ஒன்றும் கேட்கவில்லை.

என் மகள் டயாலிசிஸ் நர்ஸ் என்று டீக்கடை வரைக்கும் சொல்லித் திரிகிறவன் நான்தான். ஆனால் 31 வருஷம் லேபில் இருந்தவனுக்கு, டயாலிசிஸுக்கு நோயாளியின் ரத்தக்குழாயில் நீங்கள் போடும் ஃபிஸ்டுலா ஊசி எவ்வளவு தடிமன் என்பதும் தெரியுமே. உள்ளே துளை உள்ள ஊசியில் ரத்தம் நிற்கும், தையல் ஊசி குத்துவதும் அது குத்துவதும் ஒன்றில்லை. எல்லாருக்கும் எச்ஐவி பயம்தான் பெரிசு. அந்த ரத்தம் உள்ள ஊசி குத்தினால் ஆயிரத்தில் 3 பேருக்குத்தான் தொற்றும். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியில்லை, தடுப்பூசி போடாதவர்கள் என்றால் நூற்றில் 6 முதல் 30 பேர் வரை. மெஷின் மேல் காய்ந்துபோன துளியில்கூட 7 நாள் உயிரோடு கிடக்கும். இதெல்லாம் நீ படித்ததுதான், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதே. எத்தனை அவசரமானாலும் மாட்டாதே.

பி வைரஸுக்கான அந்த மூன்றாவது தடுப்பூசி போட்டாயா? முதலாவதும் ஒரு மாதம் கழித்து இரண்டாவதும் காலேஜில் போட்டார்கள், ஆறாம் மாதம் போட வேண்டிய நேரத்தில் தாத்தா காரியம் வந்தது, நீ ஊருக்கு வந்துவிட்டாய். அப்புறம் போட்டதாக எனக்கு நினைவில்லை. விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், மிச்சம் உள்ள ஒன்றைப் போட்டால் சரி. போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று டைட்டர் பார்க்க வேண்டும், 10க்கு மேல் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உன்னை மறைக்கிறாய் என்று திட்ட வாய் வருகிறது, ஆனால் அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருத்தி உன் தலையில் கனகாம்பரம் வைத்து விடுவாளே, அவளை நினைவிருக்கிறதா? 1996ஆம் வருஷம். அப்போது நம் நாட்டுத் தடுப்பூசியே கிடையாது, ஹைதராபாத்காரர்கள் கொண்டுவந்தது அடுத்த வருஷம்தான். ஊசி போட்டு வைக்கத் தனி டப்பாவும் இல்லை, பஞ்சு போடும் வாளியிலேயே போடுவோம். நான் போட்ட ஊசி அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ரத்தத்தைப் பிழிந்து, ஸ்பிரிட் தடவி, பெரிய டாக்டரிடம் சொல்லாதே, உன் வேலைதான் போகும் என்றேன். போகப்போவது அவள் வேலை இல்லை, எனக்கு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவளுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் குடி என்றேன். அதில் பி வைரஸ் போகிறது என்று 1988இல் சென்னை ஆராய்ச்சி லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வந்திருந்தது, பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அப்படிப் பலன் தெரியவில்லை, அன்றைக்கு அது எனக்கு நல்ல சாக்கு. அவள் தேறி வேலைக்கு வந்தாள். கிருமி உடம்பிலேயே தங்கிவிட்டதா என்று ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம். லேபில் இருந்தவன் நான். பார்த்தால் ரிஜிஸ்டரில் என் கையெழுத்திலேயே எழுத வேண்டி வரும் என்று பார்க்கவில்லை. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

உன் வார்டில் கழிவு போடும் அந்தச் சிவப்புப் பையும் வெள்ளை டப்பாவும் எடுத்துப் போகிற பெண்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேள். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஆஸ்பத்திரிதான் போட வேண்டும். கேட்டால் உன்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இன்று புதன். காய் நறுக்கியது சனிக்கிழமை என்றால் இன்னும் நாள் இருக்கிறது. உடனே எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி 24 மணி நேரத்தில் போட்டால் நல்லது, 7 நாளுக்குள்ளாவது போட வேண்டும், அது போடும் அன்றைக்கே தடுப்பூசியும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொல், ரிஜிஸ்டரில் எழுதச் சொல், அந்த நோயாளியின் ரிசல்ட்டைக் கேள். திட்டினால் திட்டட்டும். மூடி மட்டும் மாட்டாதே.

டைட்டர் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. என்ன நடந்தது என்று எழுத வேண்டாம். நானும் கேட்க மாட்டேன்.

அப்பா

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், பார்சல் நாளைக்குப் போடுகிறேன்.