மரமேறும் கயிற்றுப் பை, எறிகயிற்றுப் பை: வடிவமைப்புக் குறைகளும் தவறான கையேடும் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: 25 லிட்டர் கயிற்றுப் பை, எறிகயிற்றுக்கான மடக்குப் பெட்டிப் பை ஆகியவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்வதும், கையேட்டையும் இணையப் பக்கத்தையும் திருத்துவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மேற்கண்ட இரண்டு பைகளையும் உங்கள் இணையப் பக்கத்திலுள்ள தேர்வு அட்டவணையைப் பார்த்துத்தான் வாங்கினோம். ஒன்று ஏறுகயிற்றுக்கு, மற்றது எறிகயிற்றுக்கு, அதாவது நுனியில் சிறு எடையைக் கட்டி உயரக் கிளைமேல் எறியும் மெல்லிய கயிற்றுக்கு. துணி கனமானது, தோளில் மாட்டும் பட்டை அகலமானது, வெளித்தையல் நேராக இருக்கிறது. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறெல்லாம் பையின் உட்பக்கத்திலும், கூடவே வந்த கையேட்டிலும், அந்த அட்டவணையிலும்தான். ஆகவே ஒரு பைக்குப் பதில் இன்னொன்றை அனுப்பிவிட்டால் தீர்ந்துபோகும் புகார் அல்ல இது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

உயிருக்கு ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறோம். கயிற்றின் கடைசி முனையைப் பையின் அடியில் உள்ள வளையத்தில் கட்டிவிட்டால், இறங்கும்போது கயிறு தீர்ந்துபோனாலும் முனை நழுவாது என்று கையேடு சொல்கிறது. இந்த வரியை உடனே நீக்குங்கள். அந்த வளையம் 15 மி.மீ. நாடா, அடித்தட்டின் ஓரத்தோடு ஒற்றைத் தையலில் பிடிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு எடை தாங்கும் என்ற குறிப்பும் அதில் கிடையாது. முனை எங்கே என்று தேடாமல் எடுக்கவும், பையைக் கவிழ்த்தால் கயிறு மொத்தமும் கொட்டிப் போகாமல் இருக்கவும் உள்ள வளையம் அது. ஆள் எடையை அதில் ஏற்றினால் தையல் ஓரத்திலிருந்து உரிந்துகொண்டு வந்துவிடும்.

ஏறுபவர் கயிற்றின் முனையைத் தாண்டி இறங்கிவிடாமல் தடுப்பது கயிற்றிலேயே போடும் தடை முடிச்சு ஒன்றுதான். எட்டு முடிச்சோ இரட்டை மீனவர் முடிச்சோ எதுவானாலும் சரி, இறங்கு கருவிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பருமனாக இருக்க வேண்டும். தடை முடிச்சை முதலில் போட்டு, அதற்குப் பின்னால் மிஞ்சும் வாலை வேண்டுமானால் பை வளையத்தில் கட்டலாம். உங்கள் கையேட்டை நம்புகிறவர், வளையம் இருக்கிறதே என்று முடிச்சைப் போடாமலேயே ஏறிவிடுவார். தரையில் நிற்பவர் பையை நகர்த்துவதற்காக அந்த வாலை அவிழ்த்துவிட்டால் ஏறியவருக்கு அது தெரியக்கூட வழியில்லை.

அடுத்தது கொள்ளளவு. பையின் மீது 25 லிட்டர் என்றும், அட்டவணையில் 60 மீட்டர் கயிற்றுக்கு ஏற்றது என்றும் போட்டிருக்கிறீர்கள். அளந்து பார்த்தால் பையின் விட்டம் 24 செ.மீ., உயரம் 55 செ.மீ. கணக்கு 25 லிட்டருக்கு ஒத்துவருகிறது. ஆனால் மேலே உள்ள 15 செ.மீ. சுருக்குக் கயிறு ஓடும் மெல்லிய கழுத்துத் துணி. வாயை இழுத்துக் கட்டினால் அந்தப் பகுதி சுருங்கிவிடும். கயிறு உட்காரக் கிடைப்பது 40 செ.மீ. உயரம்தான், அதாவது 18 லிட்டர்.

இதோடு கயிற்றின் விட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 13 மி.மீ. கயிறு 60 மீட்டர் என்றால் கயிற்றின் கன அளவு மட்டும் ஏறக்குறைய 8 லிட்டர். கையால் தளர்வாக இறக்கும்போது கயிறு பையின் இடத்தில் சுமார் 35 முதல் 40 சதவீதத்தைத்தான் நிரப்பும், மீதி இடைவெளி. அப்படியானால் 20 முதல் 23 லிட்டர் வேண்டும். 18 லிட்டரில் அடங்குவது 13 மி.மீ. கயிறு 45 மீட்டர். 11.7 மி.மீ. கயிறானால் 60 மீட்டர் விளிம்புவரை வந்து நிற்கும். 11 மி.மீ. கயிற்றோடு ஒப்பிட்டால் அதே நீளத்துக்கு 13 மி.மீ. கயிறு 40 சதவீதம் கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது. விட்டத்தைச் சொல்லாமல் நீளத்தை மட்டும் போடும் அட்டவணையால் யாருக்கும் பயனில்லை.

மிதித்து அமுக்கினால் அடங்கிவிடுமே என்று உங்கள் பொறியாளர் கேட்கலாம். அடங்கும்தான். ஆனால் அமுக்கிய கயிறு ஒவ்வொரு மடிப்பாக வராமல் கொத்துக் கொத்தாக மேலே வரும். ஏறுபவர் மேலே இழுக்கும்போது அந்தக் கொத்து பையின் வாயில் சிக்கி, பையே தரையை விட்டுக் கிளம்பும். கயிற்றுப் பையை வாங்குவதே சிக்கில்லாமல் கயிறு வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான்.

கயிற்றைச் சுருட்டி வட்ட வட்டமாக உள்ளே வைக்கும்படி கையேட்டில் படம் போட்டிருப்பதும் தவறு. ஒரே திசையில் சுற்றும் ஒவ்வொரு வட்டமும் கயிற்றில் ஒரு முழு முறுக்கை ஏற்றுகிறது. சுருளைப் பிரிக்காமல் மேலிருந்து இழுக்கும்போது முறுக்குகள் ஒன்று சேர்ந்து கண்ணியாக மடியும். அந்தக் கண்ணிக்குள் அடுத்த வட்டம் புகுந்தால் முடிச்சு. சரியான முறை, கடைசி முனையை முதலில் அடியில் வைத்து, கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு முழ நீளமாக, விழுந்த இடத்தில் விழட்டும் என்று இறக்குவது. ஐந்தாறு கைக்கு ஒருமுறை பையை லேசாகத் தரையில் தட்டினால் போதும். கண் பின்னிய முனை, அதாவது வளையமாகப் பின்னிய முனை இருந்தால் அது மேலே வர வேண்டும்.

இனி அடிப்பக்கம். தண்ணீர் வடிவதற்கான ஐலெட்டுகளை (உலோக விளிம்பு வைத்த துளைகளை) அடித்தட்டில் வைக்காமல், பக்கச் சுவரில் அடியிலிருந்து 3 செ.மீ. மேலே வைத்திருக்கிறீர்கள். துணியோ பி.வி.சி. பூசியது. மழையில் நனைந்த கயிற்றை உள்ளே போட்டால், கயிறு பிடிக்கும் இடம் போக சுமார் 800 மில்லி தண்ணீர் அடியில் நின்றுவிடும். அது வடிவதற்கு வழியே இல்லை. பாலியெஸ்டர் கயிற்றுக்கு நனைவதால் வலுக்குறைவு பெரிதாக இராது. நைலான் உள்கரு உள்ள கயிறு நனைந்திருக்கும்போது 10 முதல் 15 சதவீதம் வலுவிழக்கும், காய்ந்ததும் பெரும்பாலும் மீளும். கூடவே மண்ணும் மரத்தூளும் அந்தத் தண்ணீரில் ஊறி கயிற்றின் உறைக்குள் (வெளிப்பின்னலுக்குள்) இறங்கி, இழைகளுக்கு நடுவே அரம்போலத் தேய்க்கும். பூஞ்சணம் செயற்கை இழையைத் தின்னாது, ஆனால் கறை படியும். கறை படிந்த உறையில் அறுபட்ட இழையும் உருகிப் பளபளக்கும் இடமும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆய்வு செய்கிறவருக்கு அதுதான் பெரிய இடைஞ்சல்.

ஐலெட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். இணைத்துள்ள படத்தில் தெளிவாகத் தெரிகிறது: பின்தகடு இல்லாமல் அடித்ததால் பித்தளை விளிம்பு ஆறு இதழாகப் பிளந்து, அதில் இரண்டு இதழ் துணியில் படியாமல் உள்நோக்கி நிற்கிறது. விரலால் தடவினாலே கீறுகிறது. பையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கயிற்றின் உறை அதில்தான் உரசும். அடித்தட்டிலேயே நெருக்கமான வலைத்துணி வைத்துத் தைத்திருந்தால் ஐலெட்டே தேவைப்பட்டிருக்காது. அல்லது பின்தகடு போட்ட ஐலெட் நான்கு, அடித்தட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில்.

எறிகயிற்றுப் பைக்கு வருகிறோம். இதில் குறை கூடுதல், ஏனென்றால் எறிகயிறு பையின் உட்பக்கத்துச் சின்னக் குறையைக்கூடப் பொறுக்காது. 13 மி.மீ. கயிறு தாண்டிப் போய்விடும் ஒரு நூல் பிசிறில் 2 மி.மீ. எறிகயிறு மாட்டிக்கொள்ளும்.

பெட்டிப் பையை விரித்து நிறுத்த நான்கு மூலையிலும் வெல்க்ரோ வைத்திருக்கிறீர்கள். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் உள்நோக்கி, கயிறு வெளியேறும் விளிம்பிலேயே இருக்கிறது. எறி எடை பறக்கும்போது கயிறு அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும். ஒருமுறை மாட்டினால் எடை நடுவானில் நின்று வந்த வழியே திரும்பும். மாட்டாமல் உரசிப் போனாலும் கெடுதல்தான். கொக்கிகள் எறிகயிற்றின் நுண்ணிழைகளை இழுத்துவிடுகின்றன. வழவழவென்று இருக்க வேண்டிய கயிறு பஞ்சு பூத்ததுபோல் ஆகிறது. அப்புறம் கிளைக் கவட்டையில் விழுந்த கயிறு பட்டைமீது வழுக்காது. 300 கிராம் எடை தன் எடையால் கயிற்றை இழுத்துக்கொண்டு தரைவரை இறங்க வேண்டும். இழை எழும்பிய கயிற்றில் அது பாதி உயரத்திலேயே தொங்கி நின்றுவிடும். அதை ஆட்டி ஆட்டி இறக்க முயன்றால் எடை வேறொரு கிளையைச் சுற்றிக்கொள்ளும்.

இந்த வேலைக்கு வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். மூலைகளை நிமிர்த்த மடிகம்பிச் சட்டமே போதும். மடித்தபின் மூடி வைக்க வெளிப்பக்கம் ஒரு பக்கிள் வைத்தால் போதும்.

சட்டத்திலும் ஒரு பிழை. எஃகுக் கம்பியின் இரு முனையும் சேரும் இடத்தில் குழாய் மூடி இல்லை. வெறும் ஒட்டு நாடா சுற்றியிருக்கிறது. மடித்து விரிக்கும்போது நாடா நழுவி, கம்பி முனை துணியைக் குத்திக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. உள்தையல் ஓரங்களை நாடா வைத்து மூடாததால் வெட்டிய துணியின் நூல் தொங்குகிறது. எறி எடை வைக்கும் பையறை உட்சுவரில் இருக்கிறது, அதுவும் 6 மி.மீ. கண் கொண்ட வலைத்துணியில். எறிகயிற்றின் மடிப்பு அந்தக் கண்களுக்குள் நுழைந்து மறுபக்கம் சிக்குகிறது. எடைக்கான அறை வெளிச்சுவரில்தான் இருக்க வேண்டும். எடையின் வளையம் உள்ளே இருந்தால் அதுவே கொக்கியாகிவிடும்.

பெட்டியின் ஆழம் 20 செ.மீ. மட்டுமே. 60 மீட்டர் எறிகயிற்றின் கன அளவு கால் லிட்டர்கூட வராது என்பது உண்மைதான்; அதனால் சின்னப் பெட்டி போதும் என்று நினைத்திருக்கலாம். எறிகயிற்றுக்கு வேண்டியது பரப்பும் சுவர் உயரமும். வாய் 40 செ.மீ. சதுரமும், சுவர் 35 செ.மீ. அளவும் இருந்தால் மரத்திலிருந்து இழுக்கும் கயிறு குறிபார்க்காமலேயே உள்ளே விழும், மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவும், காற்றில் வெளியே சரியாது. 20 செ.மீ. சுவரில் பாதிக் கயிறு புல்லில் விழுந்து, சுள்ளியையும் சருகையும் சேர்த்துக்கொண்டு உள்ளே வருகிறது. சுள்ளி ஒன்று போதும், சிக்கு விழ.

உள்துணி கருப்பு நிறம் என்பதையும் மாற்றுங்கள். வெளிர் நிறத் துணியில் பளிச்சென்ற எறிகயிறு எங்கே மடிந்திருக்கிறது, எங்கே சுள்ளி கிடக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும்.

உங்கள் தையல்கூடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பழைய மெல்லிய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பையின் உட்பக்கம் முழுவதையும், குறிப்பாக விளிம்பையும் மூலைகளையும் தடவுங்கள். காலுறை எங்கே மாட்டுகிறதோ அங்கே எறிகயிறும் மாட்டும். எங்களுக்கு வந்த பெட்டிப் பையில் நான்கு மூலையிலும், பையறையின் விளிம்பிலும், அடித்தையலிலும் மாட்டுகிறது.

இன்னும் இரண்டு விஷயம். கயிற்றுப் பையின் வெளியறையை எரிபொருள், செயின் எண்ணெய்ப் போத்தலுக்கானது என்று விளம்பரம் செய்கிறீர்கள். அந்த அறைக்கும் கயிற்றுக்கும் நடுவே இருப்பது ஒரே துணி, அதிலும் தையல் ஓட்டை வழியாக எண்ணெய் ஊறும். எண்ணெய் பட்ட உறையில் மண் ஒட்டும், ஏறுபவரைக் கயிற்றில் பிடித்து நிறுத்தும் பிடிமுடிச்சு வழுக்கும். இது பழகினால் நாளை அதே அறையில் பேட்டரியும் ஏறும். அமிலம் நைலானையும், கடுங்காரம் பாலியெஸ்டரையும் வெளியே தெரியாமல் அரித்துவிடும். அப்படிப்பட்ட கயிறு பார்வைக்கு நல்ல கயிறாகவே இருக்கும். ஆகவே அந்த விளம்பர வரி போக வேண்டும்.

ஒரே பையில் ஏறுகயிற்றையும் எறிகயிற்றையும் சேர்த்து வைக்கலாம் என்று அட்டவணையின் அடியில் எழுதியிருப்பதும் சரியல்ல. மெல்லிய கயிறு தடித்த கயிற்றின் மடிப்புகளுக்கு நடுவே இறங்கி ஊடுபாவாகப் பின்னிக்கொள்ளும். நடுத்தடுப்பு இல்லாத பைக்கு இப்படி எழுதவே கூடாது.

நாங்கள் கேட்பது இவை. இரண்டு பைகளையும் உங்கள் செலவில் திருப்பி எடுத்துக்கொண்டு முழுத்தொகையையும் தர வேண்டும்; இதே அமைப்பில் மாற்றுப் பை வேண்டாம். அடி வளையம் பற்றிய வரியைக் கையேட்டிலிருந்து நீக்கி, அந்த வளையம் எடை தாங்காது என்ற குறிப்பைப் பையிலேயே தைக்க வேண்டும். ஏற்கெனவே இந்தப் பையை வாங்கியவர்கள் எல்லோருக்கும் இதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட இதைத்தான் அவசரமாகக் கேட்கிறோம், அவர்களில் யாராவது இன்றைக்கே மரத்தில் இருக்கக்கூடும். தேர்வு அட்டவணையில் வாயைக் கட்டிய பிறகு கிடைக்கும் கொள்ளளவையும், 11, 11.7, 13 மி.மீ. என ஒவ்வொரு விட்டத்துக்கும் எத்தனை மீட்டர் அடங்கும் என்பதையும் போட வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள். வளையம் பற்றிய அறிவிப்பு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை உடனே அனுப்பிவிட்டு எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வடிவமைப்பைத் திருத்தப்போகிறீர்கள் என்றால் மாதிரிப் பையை அளந்தும் சோதித்தும் சொல்ல நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மரப் பராமரிப்புக் குழுவினர்

இணைப்பு: பில் நகல், ஐலெட்டின் உட்பக்கம், வெல்க்ரோ மூலை, கம்பி முனை, அடி வளையத்தின் தையல் ஆகியவற்றின் படங்கள், அடி வளையம் பற்றிய வரி உள்ள கையேட்டுப் பக்கத்தின் நகல்.