குருட்டாம்போக்கில் விழுந்த அடி இல்லை, மாப்ளே

மதுரை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி பிறந்த சேதியை நாலே வரியில் முடித்துவிட்டு, குத்துச்சண்டைக்காரர் ஜார்ஜ் ஃபோர்மேனைத் திட்டுவதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். தாத்தா ஆனாலும் இந்த ஆள் திருந்தமாட்டான் என்று வீட்டில் படித்துக் காட்டினேன். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே, அதையாவது அடுத்த கடிதத்தில் சொல்லு.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நம் பழைய தெருவைத் தோண்டிப் போட்டு மாசக் கணக்கில் ஆகிறது, வண்டியை முக்கில் நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது. வைகையில் தண்ணீர் திறந்துவிட்டதால் யானைக்கல் தரைப்பாலத்தைக் கொஞ்ச நாள் மூடிவிட்டார்கள். செல்லூரிலிருந்து சிம்மக்கல் போக ஊரைச் சுற்றினேன். வேறு பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். 1994-ல் உலக சாம்பியனாக இருந்த மைக்கேல் மூரரை ஃபோர்மேன் சாய்த்தது, "கிழவன் கண்ணை மூடிக்கொண்டு வீசினான், பட்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். முகமது அலி ரசிகன் அப்படித்தான் எழுதுவான். 1980-ல் அலி மெட்ராஸுக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது, பஸ்ஸுக்குக் காசு தேறாமல் போனதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறவன் நீ. உன்னிடமிருந்து ஃபோர்மேனுக்கு ஒரு நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

இளவயது ஃபோர்மேன் வெறும் முரடன் என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேஸியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் விழவைத்துப் பட்டத்தைப் பிடுங்கினார். அதன்பிறகு ஜோஸ் ரோமன் ஒரே ரவுண்டு, கென் நார்ட்டன் இரண்டே ரவுண்டு. 1974-ல் அலியைச் சந்திக்க ஆப்பிரிக்காவில் கின்ஷாசாவுக்குப் போனபோது 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். அப்படிப்பட்டவனுக்கு மூச்சைச் சேர்த்து வைக்க யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? சொன்னாலும் 25 வயசில் யார் கேட்பார்கள்? உன் ஆள் கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை எல்லாம் கையிலும் தோளிலும் வாங்கினார். இவர் ஓங்கி ஓங்கி அடித்தே ஓய்ந்துபோனார். எட்டாவது ரவுண்டில் கதை முடிந்தது. அதில் அலியின் மூளைக்கு நானும் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் 1974-ல் விழுந்தவரும் 1994-ல் நின்றவரும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு நீ பேசுகிறாய். நடுவில் நடந்ததைப் பார். 1977-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஜிம்மி யங்கிடம் புள்ளியில் தோற்றார். அன்றைக்கு உடை மாற்றும் அறையிலேயே கடவுளைக் கண்டதாகச் சொல்லிக் கிளவுஸைக் கழற்றியவர், ஹூஸ்டனில் போதகராகிவிட்டார். பத்து வருஷம் ரிங் பக்கமே வரவில்லை. பையன்களுக்காக அங்கே ஓர் இளைஞர் மையம் தொடங்கினார், அதை நடத்தப் பணம் போதவில்லை. ஊர் ஊராகப் போய் உண்டியல் குலுக்குவதற்குப் பதில் தெரிந்த தொழிலுக்கே திரும்பிவிடலாம் என்று 1987-ல் வந்தார். அப்போது அவர் எடை 120 கிலோவுக்கு மேல். எல்லாரும் சிரித்தார்கள். தொப்பையைப் பற்றி, பர்கரைப் பற்றி அவரே முந்திக்கொண்டு ஜோக் அடித்தார். முன்பு யார் முகத்தையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்காத மனிதர் அவர்!

இங்கேதான் நீ கவனிக்காமல் விட்ட சங்கதி இருக்கிறது. இரண்டாம் தடவை வந்த ஃபோர்மேன் ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே ஸ்டூலில் உட்காரமாட்டார், நின்றுகொண்டே இருப்பார். இரண்டு கையையும் குறுக்கே மடித்துக் கேடயம்போல் முன்னால் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவார், ஓடமாட்டார். இடது கை ஜாப், அதாவது நேராக நீட்டி இழுக்கிற குத்து மட்டும் முகத்தில் போய்ப் போய் முட்டிக்கொண்டே இருக்கும். நம் அலங்காநல்லூர்க்காரர்கள் நின்னு விளையாடுற மாடு என்பார்களே, அது. வாடிவாசலை விட்டுப் பாய்ந்து ஓடி மறைகிற காளை 1974-ல் போய்விட்டது. இது களத்தின் நடுவில் நின்று, நீ வா என்று பார்க்கிற காளை. 1991-ல் 42 வயசில் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டும் நின்றார். தோற்றார்தான், ஆனால் விழவில்லை. அவர் தோற்றதே மொத்தம் 5 சண்டை. அதில் அவரை நாக் அவுட் ஆக்கியது உன் ஆள் ஒருவர்தான், அந்தப் பெருமையை நீயே வைத்துக்கொள்.

இப்போது மூரர். வயசு 26, தோல்வியே தெரியாதவர், இடக்கைக்காரர். 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். தீபாவளி முடிந்த கையோடு, பட்டாசுக் குப்பைகூட வாராத தெருவில் டீக்கடைப் பேப்பரில் நாம் படித்தோமே, அதேதான். ஒன்பது ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் மூரர்தான் முன்னால். இருவரின் தாளில் 88-83, இன்னொருவரின் தாளில் 86-85. ஃபோர்மேனின் முகம் வீங்கிக் கிடந்தது. இதைப் பார்த்துத்தான் நீ தோற்றுக்கொண்டிருந்தவன் என்கிறாய். சரி, தோற்றுக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் சண்டையைத் திரும்பப் போட்டுப் பார். இடக்கைக்காரனுக்கு எதிராக நேராகப் போகும் வலது கைக் குத்துதான் முதல் ஆயுதம். நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி எடுக்கிற பொடியனுக்கும் அது தெரியும். தங்கச்சி பேரன் அங்கே இப்போது பாக்ஸிங் போகிறான், நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். கைத்துணியை மணிக்கட்டில் சுற்றி, விரல் இடுக்குகளில் கொடுத்து, முட்டியில் மறுபடி சுற்றி முடிப்பதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விடும். போன வாரம் எதிரே ஓர் இடக்கைப் பையன். மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே நின்று, "தம்பி, வலதை நேரா விடுடா, சுத்தி விடாதே" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு லாஸ் வேகாஸ் ஞாபகம் வந்துவிட்டது.

ஏனென்றால் ஃபோர்மேன் அன்றைக்கு முதலில் சில வலதுகளைச் சுற்றித்தான் விட்டார். அது அகலமாக வரும் என்று மூரருக்குப் பழகிப்போனது. மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸ், அவன் நேர் எதிரே நிற்காதே, நகர்ந்துகொண்டே இரு என்று மன்றாடினார். ஜெயிக்கிறவனுக்குக் காதில் ஏறுமா? பத்தாவது ரவுண்டில் இடது, வலது. வலது நெற்றியில் பட்டது. உடனே இன்னோர் இடது, இன்னொரு வலது. இந்தத் தடவை வலது ஓங்கவே இல்லை, சும்மா ஒரு முழம் நீட்டியதுபோல், கொஞ்சம் இறங்கி, நேராகத் தாடையில். மூரர் மல்லாந்து விழுந்தார். ரெஃபரி ஜோ கோர்ட்டெஸ் பத்து எண்ணி முடிக்கும்போதும் எழவில்லை. ஃபோர்மேன் தம் மூலைக்குப் போய் மண்டியிட்டுவிட்டார். முதல் வலது நெற்றிக்கு, இரண்டாவது வலது தாடைக்கு. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவன் இப்படி உயரத்தை மாற்றி அடிப்பானா, நீயே சொல்லு.

அன்றைக்கு அவர் போட்டிருந்தது கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரவுசர். அவர் மூலையில் யோசனை சொல்ல நின்றவர்களில் ஒருவர் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி. ஆமாம், 1974-ல் உன் ஆளின் மூலையில் நின்ற அதே டண்டி! இதை நீ ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை.

45 வயசில் ஹெவிவெயிட் உலகப் பட்டம். அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்காக அவர் செய்த எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. மறு வருஷம் ஜெர்மன்காரர் ஆக்ஸல் ஷுல்ஸோடு புள்ளியில் ஜெயித்தது நடுவர்கள் போட்ட பிச்சை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதிர்ஷ்டம் என்று நீ அந்தச் சண்டையைச் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அப்புறம் அந்த கிரில் வியாபாரம். இறைச்சி வாட்டும் அடுப்பில் தம் பெயரை ஒட்டி உலகம் முழுக்க விற்றார். அந்தப் பெயருரிமையை மட்டும் 1999-ல் 13 கோடியே 75 லட்சம் டாலருக்குக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள். ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர் வைத்த மனிதர், அடுப்புக்கு மட்டும் வேறு பெயரா தேடுவார்? மொத்தம் 76 வெற்றி, அதில் 68 நாக் அவுட். 2025 மார்ச் 21-ல் இறந்தபோது வயசும் 76.

மூரர் சண்டையின் கடைசி ரவுண்டை மட்டும் போனில் பார்த்துவிட்டு எனக்கு எழுதாதே. ஆறாவது ரவுண்டிலிருந்து ஆரம்பி, சத்தத்தைக் குறைத்துவிட்டு ஃபோர்மேனின் வலது கையை மட்டும் பார். அதற்கப்புறமும் குருட்டாம்போக்கு என்றால், சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது பரோட்டா செலவு என்னுடையது. இல்லையென்றால் உன்னுடையது, கறி தோசையும் சேர்த்து.

வரும்போது அம்மாவுக்கு அந்த முழங்கால் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா. இங்கே கிடைக்கிறது சரியில்லை என்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்