அம்பேபுஸ்ஸவில் நாலு விரற்கடை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும், ஆனால் ஒரு அலுவலில் மாட்டிக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் பாதி அந்த அலுவலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். மூத்தவள் ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். அம்மா வவுனியாவில்தான் இருக்கிறார், கொழும்புக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடி. உன்னை விசாரித்தார்.

அங்கே கனடாவில், ஹமில்டனில் உருக்குச் சுருள் ஏற்றிக்கொண்டு பனிக்குள் போன கதையை இரண்டு தரம் வாசித்தேன். படங்கு விறைத்துப் பலகை மாதிரி நிற்கிறது, கையுறையைக் கழற்றி, பெல்ட் இறுக்குகிற ரச்செட்டைப் பிடித்தால் இரும்பு தோலோடு ஒட்டுகிறது என்று எழுதியிருந்தாய். மூடின லொறிக்காரன் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டுவிடுவான், எங்களுக்குத்தான் மழையும் பனியும் என்றும் எழுதியிருந்தாய். உண்மைதான் மச்சான். தட்டை ட்ரெயிலரில் ஏற்றினால் லோட்டை ஊரே பார்க்கும். ஆனால் அதைக் கட்டின விதத்தைப் பார்க்கிறவன் ஏற்றினவன் மட்டும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு ஜெனரேற்றர் வந்தது. 18 தொன். துறைமுகத்தில் இருந்து குருநாகல் பக்கம் ஒரு ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். உயரம் 10 அடிக்குக் கிட்ட. நான் லோ பெட், அதாவது நடுத்தளம் தாழ்ந்த ட்ரெயிலர் கேட்டேன். சாதாரண தட்டை ட்ரெயிலரின் தளமே நிலத்தில் இருந்து 5 அடி, அதன்மேல் 10 அடியை வைத்தால் 15. லோ பெட்டின் பள்ளம் 2 அடி உயரத்தில் இருக்கும், 12 அடியோடு முடிந்துவிடும். அந்த 3 அடிக்குள் கொழும்பு ரோட்டில் எத்தனை வயர் தொங்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அனுப்புகிற கம்பனிக்காரர்கள் லோ பெட்டின் கூலியைக் கேட்டதும், தட்டையே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

வீதி அபிவிருத்தி அதிகார சபைக் கடிதம், பொலிஸ் அனுமதி எல்லாம் எடுத்து இரவு 11 மணிக்குப் புறப்பட்டோம். உங்கள் பக்கம் பெரிய லோட்டைப் பகல் வெளிச்சத்தில்தான் கொண்டுபோக விடுவார்கள் என்று முன்பொருதரம் சொன்னாய். இங்கே பகலில் பேலியகொடை பக்கம் கொண்டுபோனால் நகரமே நின்றுவிடும், அதனால் எங்களுக்கு இரவுதான். ஹட்டன் பக்கத்துப் பொடியன் ஒருவன், இருபத்திரண்டு வயது, புதிதாகச் சேர்ந்தவன், முன்னால் போகிற சின்ன லொறியின் மேல் நின்று காய்ந்த மூங்கில் கவைத்தடியால் டெலிபோன் வயர்களைத் தூக்கித் தூக்கி விட்டான். மின் வயர் என்றால் தொடவே கூடாது, அதற்கு மின்சார சபை ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று அவனுக்கு மூன்று தரம் சொன்னேன். அவன் தடியோடு நின்றதைப் பார்க்க எனக்கு ஆடிவேல் ஞாபகம் வந்தது. செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்கு இரதம் போகும்போது, வயரில் முட்டாமல் ஆட்கள் பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவார்களே, நாங்கள் பின்னாலே ஓடுவோமே, அது.

இங்குருகடைச் சந்தி, களனிப் புதுப் பாலம், கடவத்தை, நிட்டம்புவ எல்லாம் பிரச்சினை இல்லாமல் தாண்டினோம். வறக்காப்பொலையில் நல்ல மழை. அம்பேபுஸ்ஸவில் கண்டி ரோட்டை விட்டுக் குருநாகல் பக்கம் திரும்ப முதல் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். மணி ஒன்றரை இருக்கும்.

நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன். முன்பக்க இடது மூலையில் நின்றேன். ஜெனரேற்றருக்கு அடியில் போட்டிருந்த றப்பர் மரப் பலகை மழையில் நனைந்து கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில் ஒரு கோடு மட்டும் வெள்ளையாக, அப்போதுதான் சீவினது மாதிரி. இரும்பு நகர்ந்து பலகையைச் சுரண்டியிருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், நாலு விரற்கடை. பிறகு லோட்டின் மேலால் போட்டு இறுக்கியிருந்த பெல்ட்டை உள்ளங்கையால் தட்டினேன். இறுகிய பெல்ட் தட்டினால் மத்தளம் மாதிரித் திருப்பி அடிக்கும். இது சேலைத் தலைப்பு மாதிரி ஆடியது.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, மச்சான். கடவத்தையில் ஒரு முச்சக்கரவண்டி குறுக்கே வந்து சாரதி கொஞ்சம் பலமாகப் பிரேக் பிடித்தான். அந்த நேரம் இன்னும் கொஞ்சம் பலமாகப் பிடித்திருந்தால் 18 தொன்னும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கும்.

யோசித்துப் பார், கணக்குப்படி எங்கள் கட்டில் பிழை இல்லை. நீ எழுதின உங்கள் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டுகளின் வேலைப்பாரம், அதாவது ஒவ்வொன்றும் பத்திரமாகத் தாங்கும் என்று குறித்த பாரம், எல்லாம் கூட்டினால் லோட்டின் எடையில் அரைவாசிக்குக் குறையக் கூடாது. 18 தொன்னுக்கு 9. நாங்கள் போட்டது 4 அங்குல பெல்ட் ஆறு. ஒன்று 5,400 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 2.4 தொன். ஆறையும் கூட்டினால் 14 தொன்னுக்கு மேல். கடதாசியில் தாராளம். ஆனால் மேலால் போட்டு இறுக்குகிற பெல்ட் லோட்டைப் பிடித்து வைப்பதில்லையே. அது கீழ்நோக்கி அமத்துகிறது, அந்த அமத்தலில் வருகிற உராய்வுதான் லோட்டைப் பிடித்து வைக்கிறது. நாங்கள் பெல்ட்டைப் போட்டது ஜெனரேற்றரின் மேற்கூட்டுத் தகட்டின் மேல். போகப் போகத் தகடு உள்வாங்கிவிட்டது. கீழே உலராத பச்சைப் பலகை, மழையில் ஊறி அதுவும் அமுங்கிவிட்டது. மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் குறைந்தால் போதும், ஆறு பெல்ட்டும் சும்மா கிடக்கும். உங்கள் விதியில் பலத்த பிரேக்குக்கு எடையின் 0.8 பங்கு என்று ஒரு கணக்கு இருக்கிறதே. அதன்படி 18 தொன் லோட் முன்னால் தள்ளுகிற விசை 14 தொன்னுக்கு மேல். அதை எதிர்த்து நிற்க அந்த இரவில் அங்கே லோட்டின் சொந்த எடையால் வருகிற உராய்வைத் தவிர கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

நான் லொறியை எடுக்க விடவில்லை. இருந்த நாலு செயினையும் இறக்கி, மேற்கூட்டைத் தொடாமல் அடிச்சட்டத்தின் கொளுவிகளில் இருந்து நாலு மூலைக்கும் குறுக்கே இழுத்துப் பைண்டரால் இறுக்கினோம். தளம் மரத்தளம் என்பதால் முன்னுக்குத் தடித்த கட்டையை நெருக்கி வைத்துப் பெரிய ஆணியால் அறைந்தோம், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரி. பெல்ட்டுகளையும் இடம் மாற்றித் திரும்ப இறுக்கினோம். மழைக்குள் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. அதற்கிடையில் அனுப்பின கம்பனியில் இருந்து நாலு போன். ஆலையில் கிரேன் காத்து நிற்கிறது, கிரேன் கூலியை யார் கொடுப்பது என்று சத்தம். நான் படம் எடுத்து அனுப்பினேன். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டும் அவர்கள் கேட்டது எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்பது மட்டும்தான். விடிந்த பிறகு கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஒரு கீறல் இல்லை. ஆனால் கூலியில் தாமதத்துக்கென்று ஒரு தொகையை வெட்டிவிட்டார்கள். காசு போனதை விட, அந்த இரண்டு மணித்தியாலத்தை வீணான நேரம் என்று எழுதினார்களே, அது இன்னும் ஆறவில்லை.

இதை எழுதும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பொடியன் கேட்ட கேள்விதான். செயினை இழுத்துக்கொண்டே, “அண்ணே, கட்டினதுதானே, ஏன் திரும்பக் கட்டுறோம்?” என்று கேட்டான். அவனில் பிழை இல்லை. கட்டுவது என்றால் ஒருதரம் கட்டுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குத் தொழில் பழக்கின பழைய சாரதி, இப்போது இல்லை, முதல் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் குடிக்கவே விடமாட்டார். முதலில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்பார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தில், கனடாவில் புறப்பட்டு 80 கிலோமீற்றருக்குள் ஒருதரம் நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும், பிறகு 240 கிலோமீற்றருக்கோ 3 மணித்தியாலத்துக்கோ ஒருதரம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்ததை வாசித்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. லோட் முதல் கொஞ்சத் தூரத்தில்தான் அமர்ந்து கொடுக்கும் என்பது அவருக்குக் கையால் தெரிந்திருக்கிறது. கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸ 60 கிலோமீற்றர் அளவு. சரியான இடத்தில்தான் தேத்தண்ணிக் கடை இருந்திருக்கிறது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு மின்மாற்றியைக் கொண்டுபோனபோதும் இதேதான். ஏறும்போது எல்லோரும் என்ஜினைப் பார்த்துக் கவலைப்படுவார்கள், பாரம் பின்னுக்கு இழுப்பதை யாரும் யோசிப்பதில்லை. இறங்கும்போது எதிர்ப்பக்கம், எல்லாம் முன்னுக்கு வந்து குந்தும். அந்த வளைவுகளில் செயின் ஒவ்வொன்றாக முறுகுகிற சத்தம் தனியே கேட்கும். நீளமான சாமானின் கதை வேறு. மன்னார் தம்பபவனிக் காற்றாலைக்கு 30 காற்றாடி போட்டார்களே, அதன் இறகு ஒன்று 60 மீற்றருக்கு மேல். அதற்கு எடையை விட வால் எந்த மதிலைத் தட்டும் என்பதுதான் பிரச்சினை. நான் அதில் வேலை செய்யவில்லை, அதனால் விடுகிறேன்.

வேலை இப்போது பரவாயில்லை. 2022 இல் டீசல் வரிசையில் நாள்கணக்கில் கிடந்ததை நினைத்தால் இது சொர்க்கம். ஆனால் 2020 இல் தொடங்கிச் சில வருடம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்ததால் எங்கள் யார்ட்டில் ஓடுகிறதெல்லாம் பழசு. ட்ரெயிலரை இழுக்கிற பிரைம் மூவரை எப்படியோ சமாளிக்கலாம். கட்டுகிற சாமானைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பெல்ட்டில் வேலைப்பாரம் எழுதின துணி லேபல் பாதியில் இல்லை. செயினில் அதன் தரத்தைக் காட்ட 7 என்றோ 70 என்றோ அடித்திருக்கிற இலக்கத்தை யாரும் தேடுவதில்லை. முடிச்சுப் போட்ட பெல்ட் ஒன்றையும் கண்டேன், அதை அன்றைக்கே அறுத்து எறிந்தேன்.

யார்ட் சுவரில் ஒரு பலகை வைக்கப் போகிறேன், தமிழிலும் சிங்களத்திலும். லேபல் இல்லாத பெல்ட்டைத் தொடாதே. மேற்கூட்டில் கட்டாதே, அடிச்சட்டத்தில் கட்டு. பெல்ட் படுக்கையாகப் போகப் போக அமத்தல் குறையும், தளத்தோடு 30 பாகையில் போனால் அரைவாசிதான் மிஞ்சும். பச்சைப் பலகை வேண்டாம், றப்பர் விரிப்பு வை. கடவத்தையில் ஒருதரம், அம்பேபுஸ்ஸவில் ஒருதரம் நிறுத்து. படமும் போட வேண்டும், வாசிக்கச் சிரமப்படுகிற பொடியன்களும் இருக்கிறார்கள். உங்கள் சாரதிக் கைநூலில் இதற்குப் படங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு, நான் இருந்து தமிழில் எழுதுகிறேன். சிங்களத்துக்கு எங்கள் கிளார்க் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆடிவேலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் வா, இங்கேயே தங்கலாம். பெட்டியில் இடம் இருந்தால் சொக்லேட்டைக் குறைத்து, பெல்ட்டின் கீழே மூலைக்கு வைக்கிற பிளாஸ்ரிக் காப்பு பத்துப் பன்னிரண்டு கொண்டுவா. நாங்கள் பழைய டயர்த் துண்டைத்தான் வெட்டி வைக்கிறோம், மழைக்கு அது வழுக்கி விழுகிறது.

அப்புறம் ஒன்று, இதற்கு மட்டும் கெதியாகப் பதில் போடு. அடுத்த மாதம் கூரைத் தகடு அடிக்கிற ஒரு இடத்துக்கு உருக்குச் சுருள் ஏற்ற வேண்டும், ஒன்று 8 தொன். நான் இதுவரை சுருள் ஏற்றியதில்லை. சுருளின் கண், அந்த நடு ஓட்டை, முன்பின்னாகப் பார்க்க வைப்பதா, பக்கவாட்டில் பார்க்க வைப்பதா? கீழே ஆப்பை எப்படி வைக்கிறாய், செயினைக் கண்ணுக்குள்ளால் குறுக்கே எடுக்கிறாயா, நேரே எடுக்கிறாயா? நீ கட்டின ஒன்றை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பனி இருந்தாலும் பரவாயில்லை.

உன்,
பழைய கூட்டாளி