இரண்டு வலது இறக்கைகள்

ஹாமில்ட்டன், ஒன்டாரியோ
மே 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான், உங்கள் மருமகள், பாப்பா மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் அனுப்பச் சொன்னாளாம், தம்பி சொன்னான். நான் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் போனில், "ராத்திரியெல்லாம் கீழே உட்கார்ந்து என்னடா குடைகிறாய்?" என்று கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். விமானம் கட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். மர விமானம். முழுக்க மரம். அதனால்தான் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இந்த ஊர்ப் பனிக்காலம் உங்களுக்குத் தெரியும், போன வருஷம் வீடியோவில் காட்டினேனே. நவம்பரில் பிடித்தால் ஏப்ரல் வரை விடாது. ஷிஃப்ட் முடிந்து நாலரை மணிக்கு வெளியே வந்தால் இருட்டு தொடங்கிவிடும். மில்லில் நாள் முழுக்க இரும்பைக் கடைகிறேன் என்று பேர். உண்மையில் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிவிட்டு மெஷின் கடைவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கையில் ஒரு சிராய் ஏறி எத்தனை வருஷம் ஆகிறது!

பக்கத்து வீட்டுக் கிழவருக்கு எழுபத்தெட்டு வயது. பனி அள்ளிப் போட்டுக் கொடுத்ததில் பழக்கம். ஜனவரியில் ஒருநாள் கூப்பிட்டு நீளமான ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் திணித்தார். கட்டாத விமானப் பெட்டி ஏழு வைத்திருக்கிறாராம், ஒன்றாவது வெளியே போனால்தான் எட்டாவது உள்ளே வரலாம் என்று வீட்டம்மா உத்தரவு. அப்படி வந்ததுதான் இது. டைகர் மாத் என்கிற பழைய பயிற்சி விமானத்தின் ஆறில் ஒரு பங்கு அளவு. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, இரண்டுக்கும் நடுவே குச்சியும் கம்பியும். இறக்கை முனைக்கு முனை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒரு பலகையை எடுத்து, நீங்கள் செய்வது போல, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். கை தானாக மேலே போய்விட்டது, அப்பா. கனமே இல்லை. பால்சா மரம் என்று பேர். ஈக்வடாரிலிருந்து வருகிறது. நட்ட ஐந்தாறு வருஷத்தில் வெட்டிவிடுவார்கள், அவ்வளவு வேகமாக வளரும். தேக்கு கன அடிக்குப் பதினெட்டு கிலோ வருமா? இது சாதாரணமாக நாலரை. பொறுக்கி எடுத்தால் மூன்று கிலோவுக்கும் கீழே. தஞ்சாவூரில் நெட்டியில் பெரிய கோயில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களே, அதைத் தொட்டது போல இருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. "இதெல்லாம் ஒரு மரமா" என்று நீங்கள் சொல்வது இங்கேயே கேட்கிறது. ஆனால் நார் ஓட்டத்தோடு வளைத்துப் பாருங்கள், கனத்துக்கு அது தாங்குகிற தாங்கல் ஆச்சரியமாக இருக்கும்.

வேலை முறை இப்படி. வரைபடம் நிஜ அளவிலேயே வரும். மேஜையில் விரித்து, அதன்மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளைப் போட்டு (பசை ஒட்டாமல் இருக்க), கோட்டின் மேலேயே சட்டங்களைக் குண்டூசியால் குத்தி நிறுத்தி ஒட்ட வேண்டும். முன்சட்டம், நடுச்சட்டம், பின்சட்டம், அவற்றுக்கு நடுவே விலா எலும்பு மாதிரி வரிசையாகத் துண்டுகள். துண்டுகளையெல்லாம் லேசரில் வெட்டியே கொடுத்துவிடுகிறார்கள், உளிக்கு வேலையே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். மூலைமட்டமும் உப்புத்தாளும் மட்டும் நம்ம பட்டறைச் சாமான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வரைபடத்தில் கீழ் இறக்கையின் வலது பாதியை மட்டும்தான் வரைந்திருந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து அதை முடித்தேன். அழகாக வந்தது. தூக்கி வைத்துவிட்டு, அதே வேகத்தில் அடுத்த வாரம் இன்னொன்றையும் முடித்தேன். அதுவும் அழகாக வந்தது. இரண்டையும் விமானத்தின் இரு பக்கமும் வைத்துப் பார்க்கிறேன், ஒன்று சரியாக உட்காருகிறது, இன்னொன்றின் முன்பக்கம் பின்னால் நிற்கிறது. திருப்பிப் போட்டால் முன்பக்கம் முன்னால் வருகிறது, ஆனால் வயிறு மேலே வந்துவிடுகிறது. இறக்கையின் அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு; கவிழ்த்துப் போட முடியாது. இரண்டு வலது இறக்கை செய்து வைத்திருக்கிறேன்.

ராத்திரி பதினொன்றரை மணி. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், மேலத்தெரு வீட்டு இரட்டைக் கதவுக்குக் கீல் பள்ளம் போடச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கதவுக்கும் ஒரே பக்கம் போட்டு வைத்தேன். நீங்கள் அடிக்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஒவ்வொரு பலகையிலும் "இ", "வ", மேல்முனைக்கு ஓர் அம்பு என்று எழுதினீர்கள். "கையில் எடுத்ததும் எழுது, அப்புறம்தான் ரம்பம்" என்றீர்கள். எனக்கு அப்போது அது தண்டனை மாதிரி இருந்தது. அந்த லீவோடு பட்டறைப் பக்கம் வராமல் பாலிடெக்னிக், மெஷின் என்று ஓடிவந்துவிட்டேன். முப்பது வருஷம் கழித்து அதே தப்பு, இன்னும் சன்னமான மரத்தில்.

கிழவரிடம் மறுநாள் காட்டினேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, விமானம் கட்டுகிற எல்லாரும் ஒரு தடவை இதைச் செய்தே தீருவார்கள் என்றார். இடது பாதிக்கு வரைபடத்தைக் கவிழ்த்துப் போட வேண்டுமாம். கோடு பின்பக்கம் தெரிவதற்குத் தாளில் எண்ணெய் தடவ வேண்டுமாம். வீட்டில் இருந்தது பாராசூட் தேங்காய் எண்ணெய்தான். தடவியதும் தாள் கண்ணாடி போல ஆகி, கோடெல்லாம் பளிச்சென்று மறுபக்கம் வந்தது. இரண்டு நாளைக்கு நிலவறை முழுக்க அம்மா தலைவாரிவிட்ட வாசனை.

பிளேடால் அந்த இரண்டாவது இறக்கையைப் பிரித்தேன். பெரும்பாலும் தப்பித்தது, நாலு விலா உடைந்துபோனது. அதைப் புதிதாக வெட்டினேன், இந்தத் தடவை லேசர் இல்லை, நானே. கிழவர் ஒரு கட்டுப் பலகை கொடுத்தார். அதில் எதை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். ஒரே மரமாக இருந்தாலும், அறுத்த விதத்தைப் பொறுத்துப் பலகையின் குணம் மாறுகிறது. சிலது குறுக்கே துணி மாதிரி வளையும், அது உருண்டையான இடங்களில் போர்த்துவதற்கு. சிலதில் மீன் செதில் போலப் புள்ளி புள்ளியாக மின்னும், அது குறுக்கே வளையவே வளையாது, விலாவுக்கு அதுதான். நான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து மின்னுகிற பலகையை எடுத்ததும், "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் அவர். நம்ம வீட்டில் மரக்கடைக்குப் போனால் நீங்கள் பலகையை வெயிலில் சாய்த்துப் பார்ப்பதைச் சொன்னேன்.

அவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அவருடைய அம்மா இரண்டாம் உலக யுத்த சமயத்தில் டொரான்டோ பக்கம் டவுன்ஸ்வியூவில் இருந்த டி ஹாவிலண்ட் விமான ஆலையில் மரம் ஒட்டுகிற வேலை பார்த்தவராம். மாஸ்கிட்டோ என்று ஒரு சண்டை விமானம். அதன் உடம்பு நடுவே இதே பால்சா, இரண்டு பக்கமும் பர்ச் மரத்து ஒட்டுப்பலகை. அந்த ஆலையில் மட்டும் 1,100-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுக்கிற கேசின் பசை போட்டு ஒட்டினார்கள். ஈரம் தாங்கவில்லை என்று பிறகு வேறு பசைக்கு மாறினார்கள். நீங்கள் வஜ்ஜிரம் காய்ச்சும்போது மழைக்காலத்தில் திட்டிக்கொண்டே காய்ச்சுவீர்களே, அதே தொல்லைதான்.

டைகர் மாத்தும் அதே ஆலையில் செய்ததுதான். கனடாக் குளிருக்காக மேலே கண்ணாடிக் கூடு போட்டு, உள்ளே சூடு வைத்து, பனியில் இறங்குவதற்குச் சறுக்குக் கட்டையும் மாட்டினார்கள். இந்த ஊர் விமானக் காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போய்ப் பார்த்தோம். அதன் இறக்கைகள் நேராக இல்லாமல் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். அழகுக்கு என்று நினைத்தேன். இல்லையாம். முன் இருக்கையில் வாத்தியார், பின் இருக்கையில் மாணவன். முன்னால் இருப்பவருக்கு நேர் தலைக்கு மேலே மேல் இறக்கையும் பெட்ரோல் டேங்கும். ஆபத்தில் பாராசூட்டோடு வெளியே ஏற முடியவில்லை. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தியதும் எடை நிற்கிற புள்ளி கெட்டுப்போனது. அதைச் சரிக்கட்ட இறக்கை முனைகளைப் பின்னால் சாய்த்தார்கள். நிலை வைத்த பிறகு ஜன்னலை நகர்த்தச் சொல்கிற வீட்டுக்காரரிடம் நீங்கள் மாட்டிக்கொள்வது மாதிரி! 1931-ல் முதலில் பறந்தபோதே இந்தச் சாய்வோடுதான் பறந்திருக்கிறது. எனக்கு அந்தச் சாய்வு இப்போது மிகவும் பிடிக்கிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே துணிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாள், சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சுருங்கி விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். அந்த யுத்த காலத்துக் கனடா பயிற்சி விமானம் எல்லாம் மஞ்சள்தான், நானும் மஞ்சளே போட்டேன். நம்ம ஊர் ஸ்கூல் வேன் மாதிரி இருக்கிறது. மோட்டார், பேட்டரி, வால்பக்கத்தை ஆட்டுகிற குட்டி மோட்டார்கள் எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. விலையைக் கேட்காதீர்கள். அம்மா கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். மூக்கு குட்டையாக இருப்பதால் வால் கனத்துவிட்டது. மீன் பிடிக்கிற ஈயக்குண்டுகளை மூக்கில் ஒட்டிச் சமன் செய்தேன். அவ்வளவு கிராம் கிராமாக மரத்தைத் தேய்த்துக் குறைத்துவிட்டு, கடைசியில் ஈயத்தை ஏற்றுவது வயிற்றெரிச்சல்.

அப்புறம் இந்த ஊரில் 250 கிராமுக்கு மேல் எது பறந்தாலும் அரசாங்கத்துக்குக் கணக்கு. போக்குவரத்துத் துறையின் ஆன்லைன் பரீட்சையை எழுதினேன், 35 கேள்வி, பாஸானேன். பதிவு எண்ணையும் விமானத்தில் ஒட்டியாகிவிட்டது. நீங்கள் கவலைப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு காலை காற்று விழுந்திருந்த நேரத்தில் பறக்கவிட்டோம். இரண்டு ரிமோட்டை இணைத்து, ஒன்று கிழவர் கையில், ஒன்று என் கையில். நான் தடுமாறினால் அவர் வாங்கிக்கொள்வார். புல்லில் இருபதடி ஓடியிருக்கும், தானாகவே எழும்பிவிட்டது. வளைக்கும்போது இறக்கையை மட்டும் சாய்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் போகிறது, வாலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். அதற்குள் எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. ஆறு நிமிஷம். இறங்கும்போது ஒரு துள்ளல் துள்ளிக் கீழ் இறக்கையின் முனை தரையில் உரசிவிட்டது. இடது பக்கம், நான் வெட்டிய விலாக்கள் இருக்கிற பக்கம். பதறிக்கொண்டு ஓடிப் பார்த்தேன், மஞ்சள் தாள் கிழிந்திருந்தது, விலா ஒன்றுகூட உடையவில்லை.

போட்டோ தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். இறக்கைகளின் வேர்ப்பக்கத்தில் பென்சிலில் "இ", "வ" என்று எழுதியிருப்பது தெரியும். அது போர்த்துவதற்கு முன் எடுத்த படம்.

கிழவர் இப்போது அடுத்த பெட்டியைக் கொடுக்கிறேன் என்கிறார். அதில் முன்சட்டத்தை வெட்டித் தர மாட்டார்களாம், நாமே இழைத்து உருட்ட வேண்டும். இங்கே கடையில் கிடைக்கிற இழைப்புளி எல்லாம் பால்சாவைக் கடித்துப் பிய்க்கிறது. பட்டறை அலமாரியில் மேல்தட்டில், தாத்தாவின் உள்ளங்கை நீள இழைப்புளி ஒன்று இருக்குமே, வீணைக்கு ஓரம் தேய்த்தது என்பீர்களே, அது உங்களுக்கு இப்போது தேவைப்படாவிட்டால் ஆகஸ்டில் தம்பி வரும்போது கொடுத்து அனுப்புங்கள். தகட்டை நீங்களே தீட்டி அனுப்புங்கள், எனக்கு இன்னும் அது சரியாக வருவதில்லை. பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்