துள்ளுற படகு பற்றின கடிதத்துக்குப் பதில்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோட வாறியள் எண்டது இஞ்ச எல்லாருக்கும் சந்தோஷம். உன்ர றிமோட் விளையாட்டுப் படகையும் கட்டாயம் கொண்டு வா. ஆனா அது துள்ளுது, வேகம் போதேல்லை, மோட்டரின்ர வேகத்தைக் கட்டுப்படுத்திற ஸ்பீட் கொன்ட்ரோலரும் கொதிக்குது, அதால 42ஐ மாத்தி 45 மில்லிமீற்றர் புரொப்பெல்லர் வாங்கப் போறன் எண்டு எழுதியிருந்தாய். அதை இப்ப வாங்காத.

கணக்கைப் பார். உன்ர மோட்டர் 2000 கேவி, அதாவது ஒரு வோல்ற்றுக்கு நிமிஷத்துக்கு 2000 சுற்று, பற்றரி 4 செல், அதாவது 14.8 வோல்ற். சுமையில்லாமல் நிமிஷத்துக்கு 29,600 சுற்று. உன்ர 42 மில்லிமீற்றர் புரொப்பெல்லரின்ர பிட்ச் விகிதம் 1.4, அதாவது ஒரு சுற்றுக்கு விட்டத்தின்ர 1.4 மடங்கு, 58.8 மில்லிமீற்றர் முன்னுக்குப் போகும். பெருக்கினா மணிக்கு 104 கிலோமீற்றர் வரும். சுமையில சுற்று குறையும், தண்ணியில வழுக்கலும் இருக்கு, அதால முழுசாக் கிடைக்காது. எண்டாலும் வடிவாச் செற் பண்ணின படகில 70ஐத் தாண்டலாம். உனக்கு 58 தான் வருது. குறை மோட்டரின்ர பலத்தில இல்லை, படகின்ர அடிப்பாகத்தில. அதோட, சுற்று ஒரே அளவா இருக்கேக்க புரொப்பெல்லர் கேட்கிற சக்தி விட்டத்தின்ர அஞ்சாம் அடுக்கில ஏறும். 42இல இருந்து 45க்குப் போனா நூற்றுக்கு 40க்கு மேல கூடுதல் சுமை. இப்பவே கொதிக்கிற ஸ்பீட் கொன்ட்ரோலர் அதோட புகைஞ்சுபோகும்.

முதல்ல படகைக் கவிட்டு வை. 30 சென்ரிமீற்றர் உருக்கு அடிமட்டத்தைக் கீல், அதாவது அடியின்ர நடுக்கோட்டு, ஓரமா, பின்பலகையில இருந்து முன்னுக்கு வைச்சு, பின்னால லைட்டைப் பிடி. நடுவில வெளிச்சம் தெரிஞ்சா அடி உள்ளுக்குக் குழிஞ்சிருக்கு. அப்பிடி எண்டா பின்பக்கம் தூக்கி, மூக்கு அமுங்கி, தண்ணியில ஒட்டிக்கொண்டு ஓடும். அடிமட்டத்தின்ர நுனியில வெளிச்சம் தெரிஞ்சா அடி வெளியாலை வளைஞ்சிருக்கு. துள்ளலுக்கு அது ஒரு முக்கிய காரணம். உன்னுடையது ரெண்டாவது வகையா இருக்கும் எண்டுதான் நினைக்கிறன். பின்பலகைக்குக் கிட்ட வெளிச்சம் தெரிஞ்ச இடத்தில எபொக்சிப் பசையோட மைக்ரோ பலூன் எண்ட நுண்குமிழ்த் தூள் குழைச்சுப் பூசி, காய்ஞ்ச பிறகு தட்டையான கட்டையில 240 நம்பர் தேய்ப்புத் தாள் சுத்தி ஈரமாத் தேய். 400 தாளில முடி. தாளைக் கையில பிடிச்சுத் தேய்ச்சா அலை அலையா வரும், அது முந்தினதிலும் மோசம்.

அடியும் பின்பலகையும் சந்திக்கிற விளிம்பையும் பார். அச்சில வார்த்த படகில அது உருண்டையாத்தான் இருக்கும். தண்ணி அந்த உருளையைப் பிடிச்சுக்கொண்டு மேல ஏறி, பின்பக்கத்தைக் கீழ இழுக்கும். பின்பலகையில ரேப் ஒட்டி அணை கட்டி, எபொக்சி நிரப்பி, கத்தி விளிம்பு மாதிரிக் கூரா எடு. சல்லிக்காசு செலவில்லை, ஆனா கனபேர் செய்யிறேல்லை.

அடுத்தது பாரம். பற்றரி உட்பட எல்லாத்தையும் வைச்சு, ரெண்டு விரலில படகைத் தூக்கிப் பார். 70 சென்ரிமீற்றர் படகுக்குச் சமநிலை பின்பலகையில இருந்து 21 சென்ரிமீற்றரில, நீளத்தில நூற்றுக்கு 30 அளவில, தொடங்கட்டும். துள்ளினா பற்றரியை 5 மில்லிமீற்றர் முன்னுக்குத் தள்ளு. மூக்கு தண்ணியை உழுதா பின்னுக்கு எடு. புரொப்பெல்லர் தண்டைத் தாங்குற ஸ்ட்ரட்டை அடியோட சமாந்தரமா வைச்சுத் தொடங்கு. புரொப்பெல்லர் பக்கம் கீழ சரிஞ்சா உந்துவிசை பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அமுக்கும், மேல சரிஞ்சா மூக்கு எழும்பும். அரைப் பாகைக்கு மேல ஒரேயடியா மாத்தாத. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான், அதையும் கொப்பியில எழுதி வை. ஜிபிஎஸ்ஸில காற்றோட ஒருக்கா, காற்றுக்கு எதிரா ஒருக்கா ஓட்டிச் சராசரி எடு.

ஸ்ட்ரட்டுக்கும் அதுக்குப் பின்னால, புரொப்பெல்லரைத் தண்டோட சேர்த்துச் சுத்திற ட்ரைவ் டோக்குக்கும் இடையில 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கோ? மோட்டரின்ர சுற்றைப் பின்னுக்குக் கொண்டுபோற வளையக்கூடிய பிளெக்ஸ் கேபிள் சுமையில முறுகேக்க நீளம் குறையும். இடைவெளி இல்லையெண்டா டோக் ஸ்ட்ரட்டில இறுகி உரஞ்சும், கரண்ட் வீணா ஏறும். உன்ர கொன்ட்ரோலர் கொதிக்க அதுவும் காரணமா இருக்கலாம்.

இவ்வளவும் சரிவந்த பிறகுதான் புரொப்பெல்லர். அதே 42ஐ முன்விளிம்பு கூராத் தீட்டி, பாரமான இதழின்ர முதுகில மட்டும் உலோகம் எடுத்துச் சமப்படுத்து. அது பெரிலியம் செம்பெண்டா ஈரமாத்தான் தேய்க்கவேணும், முகமூடியும் போடு, தேய்ச்ச தண்ணியைத் துணியால ஒத்தி எடு. அந்தத் தூள் நுரையீரலுக்குப் பொல்லாதது, பிள்ளையள் இருக்கிற அறையில செய்யவே கூடாது.

பற்றரிக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையில வயரை நீட்டாத. நீட்டத்தான் வேணுமெண்டா 35 வோல்ற் லோ ஈஎஸ்ஆர், அதாவது உள்தடை குறைஞ்ச, கெப்பாசிற்றர் சேர். கொன்ட்ரோலர் மோட்டருக்குக் கரண்ட்டை எவ்வளவு முந்திக் குடுக்குது எண்ட டைமிங்கைக் கூட்டினா கொஞ்சம் சுற்று வரும், சூடும் வரும், அதைக் கடைசியா வை. 5000 எம்ஏஎச் பற்றரியில 4000க்கு மேல எடுக்காத. சராசரி 80 அம்பியர் எடுத்தா அது மூண்டு நிமிஷ ஓட்டம்தான்.

நீ வாற காலம் சோளகம், தென்மேற்குக் காற்று. குளங்கள் வத்திப்போயிருக்கும், பண்ணைக் கடல்தான் கதி. பகலேறக் காற்று அலையைக் கிளப்பும், அதால விடிய ஆறு மணிக்கே போவம். அங்க ஆழம் குறைவு, சாதாளை எண்ட கடல் தாவரம் புரொப்பெல்லரில சுத்தும், வலைக்கு நட்ட தடியளும் இருக்கு. மீன்பிடிக்கிற ஆக்கள் நிக்கிற பக்கம் ஓட்டேலாது. உப்புத் தண்ணி உன்ர ஏரித் தண்ணி மாதிரி இல்லை. ஓடி முடிஞ்ச உடனை, குளிரூட்டுற குழாய்க்குள்ள பெரிய சிரிஞ்சால ஒரு லீற்றர் நல்லதண்ணி அடிக்கவேணும். பிளெக்ஸ் கேபிளை அண்டண்டைக்கு இழுத்துத் துடைச்சுப் புதுக் கிறீஸ் போடவேணும், பெயாரிங்கில ரெண்டு சொட்டு எண்ணெய் விடவேணும். ஒரு இரவு விட்டாலே கறள் பிடிச்சிடும். றிசீவரைப் பலூனுக்குள்ள போட்டு வாயைக் கட்டு. மூக்குக்குள்ள நுரைத்தட்டு அடை, கவிண்டா தாழாது.

விமானத்தில பற்றரியளைக் கைப்பையில கொண்டு வா, பெட்டிக்குள்ள போட விடமாட்டினம். உன்னுடையது 74 வாற் மணி, 100க்குக் கீழ எண்டபடியால் தனி அனுமதி தேவைப்படாது, எண்டாலும் ரிக்கெற் போட்ட விமானக் கொம்பனியிட்டை ஒருக்காக் கேள். ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ற்றுக்கு இறக்கி, முனைகளுக்கு ரேப் சுத்து. அடிமட்டம் வைச்சுப் பார்த்திட்டு எந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது எண்டு எழுது. எபொக்சி இஞ்ச நான் வாங்கி வைக்கிறன்.

அன்புடன்,
உன் மச்சான்