நாகநந்தியின் உடன்பிறந்தவர் யார்? – பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவத் தேர்வின் புதினத் தாளில் வந்த ஒரு மதிப்பெண் வினா உங்களுக்கு நினைவிருக்கும்: "நாகநந்தியின் உடன்பிறந்தவர் யார்?" கீழே நான்கு பெயர்கள். நாகநந்தி, கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலில் வரும் புத்த பிக்ஷு. அந்த நாவலைக் கல்கி பத்திரிகையில் தொடராக எழுதினார். இந்தப் பிக்ஷுவும் வாதாபிச் சக்கரவர்த்தி புலிகேசியும் இரட்டையர், இருவருக்கும் முகம் ஒன்றே என்ற ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்து, ஐயத்தை மட்டும் அங்கங்கே கசியவிட்டு வாசகர்களை இழுத்துக்கொண்டு போனார். நீங்கள் அதை ஒரே மதிப்பெண்ணுக்குப் போட்டு உடைத்துவிட்டீர்கள். கடையில் விற்கும் நோட்ஸ் இன்னும் வேகம். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நாவலைத் திறந்தால் சுவை கெடுமே என்ற கவலை மாணவர்களுக்கு இல்லை. திறந்தால்தானே!

என் கோரிக்கை ஒன்றுதான். நாவலின் ஒரு பகுதியை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அதைப் படித்துத் தம் கருத்தை எழுதும்படி ஒரு கேள்வியாவது கேளுங்கள். நாவலிலிருந்து ஆதாரம் காட்டினால் மாறுபட்ட கருத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், விடைத்தாள் திருத்தும் மையத்தில் என் கைக்கு வந்த ஒரு தாளை இன்னும் மறக்க முடியவில்லை. "சிவகாமியின் பாத்திரப் படைப்பை விளக்குக" என்பது பத்து மதிப்பெண் வினா. கலையரசி, காதலி, வீரப்பெண், சொன்ன சொல் தவறாதவள் என்று விடைக்குறிப்பில் துணைத்தலைப்புகள் இருந்தன. அந்த மாணவர் துணைத்தலைப்பே போடவில்லை. சிறைப்பட்ட தமிழர்களைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்ற வாதாபியின் நாற்சந்தியில், தானும் சிறைப்பட்டிருந்த நாட்டியக்காரி சிவகாமி ஆடிய இடத்திலிருந்து தொடங்கியிருந்தார். தந்தை ஆயனரின் சிற்பக்கூடத்தில் ஆடியதும் அதே கால்கள்தான். அங்கே கலை, இங்கே பிணைத்தொகை என்று எழுதியிருந்தார். அடுத்து, அவள் காதலரான பல்லவ குலத்து மாமல்லர் (நரசிம்மவர்மன்) மாறுவேடத்தில் வந்து அழைத்தும் சிவகாமி உடன்வர மறுக்கும் இடம். வாதாபி எரியாமல் இந்த நகரை விட்டு வரமாட்டேன் என்ற சபதம் இப்போது புலிகேசியை அல்ல, அவளைத்தான் சிறை வைத்திருக்கிறது என்கிறார் மாணவர். ஒன்பது ஆண்டு கழித்துச் சபதம் நிறைவேறும்போது மாமல்லர் பாண்டியகுமாரியின் கணவர். நான்காம் பாகத்துக்குக் கல்கி 'வெற்றி' என்று பெயரிடவில்லை, 'சிதைந்த கனவு' என்றுதான் பெயரிட்டார் என்பதையும் சுட்டிக்காட்டியிருந்தார்.

குறிப்பின்படி அந்த விடைக்கு மூன்று மதிப்பெண். கூட்டிப் போட எனக்கு அதிகாரம் இல்லை. அடுத்த தாளில் நோட்ஸை வரிக்கு வரி ஒப்பித்த விடைக்கு ஒன்பது போட்டேன். அதற்கும் என்னிடமிருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

உத்திகள் பற்றிய வினாவைச் சொல்லவே வேண்டாம். "ஆசிரியர் உவமைகளைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்" என்ற வாக்கியம் எந்த நாவலுக்கும் பொருந்தும். எதுவும் எழுதப்படாத நாவலுக்கும் பொருந்தும். இந்த நாவலுக்கே உரிய உத்தி மாறுவேடம் அல்லவா? மாமல்லரின் தந்தை மகேந்திர பல்லவர் வஜ்ரபாகு என்ற வீரனாக வேடமிட்டு ஓலையை மாற்றுகிறார். எதிர்ப்பக்கத்தில் பிக்ஷு தம்பியின் முகத்தை எடுத்துக்கொள்கிறார். இரு தரப்பும் வாளைவிட முகத்தை நம்பிப் போர் நடத்துகின்றன. கல்வி கற்கக் காஞ்சிக்கு வந்த பரஞ்சோதி கடைசிவரை ஏட்டைத் தொட நேரமில்லாமல் சேனாதிபதியாகிவிடுவது எவ்வளவு நயமான கேலி! (நம் மாணவர்களுக்கும் நாவலைத் தொட நேரமில்லை, சேனாதிபதி வேலைக்குத்தான் உத்தரவாதம் இல்லை.)

சேக்கிழார் பெரியபுராணத்தில் "வாதாவித் தொன்னகரம் துகளாக" என்று போகிற போக்கில் சொன்ன படையெடுப்பு அது. 642இல் நடந்த அந்தப் போரைக் கல்கி நான்கு பாகமாக விரித்தார். நரசிம்மவர்மனும் புலிகேசியும் வரலாற்றில் இருக்கிறார்கள். சிவகாமியும் ஆயனரும் நாகநந்தியும் கற்பனை. ஒரு வரலாற்றுப் போர் நாவலின் உயிர், வரலாற்றில் இல்லாத மூவரிடம் ஏன் இருக்கிறது? இதைக் கேட்டுப் பாருங்கள். நோட்ஸ் போடுகிறவர்கள் திணறிப்போவார்கள்.

ஆசிரியர்களுக்குத் திறமை போதாது, மாணவர்களுக்கு வாசிப்பு இல்லை என்று ஒவ்வொரு கருத்தரங்கிலும் வருந்துகிறோம். வருந்துவதற்குத் தேநீரும் தருகிறார்கள். வாசித்தவருக்கு மூன்று, வாசிக்காதவருக்கு ஒன்பது என்று அளந்துகொடுத்துவிட்டு வருந்துவதில் என்ன பொருள் இருக்கிறது? வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. உங்களில் பலர் எனக்குப் பாடம் சொன்னவர்கள். இந்த நாவலை இரவெல்லாம் விழித்துப் படித்ததாக வகுப்பில் சொன்னவர்களும் உண்டு.

பாடத்திட்டத்தை மாற்ற வேண்டாம், நாவலையும் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. விடைக்குறிப்பில் ஒரே ஒரு வரி. மாதிரி வினாக்கள் சிலவற்றைத் தயாரித்துத் துறைத்தலைவர் வழியாக அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புதினத் தாள் நடத்தும் தமிழாசிரியை ஒருவர்