காய்ச்சல் செட்டில் இருக்கும் அந்தச் சின்ன மாத்திரை

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன் நான். "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று கடையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள், மாத்திரை தீர்ந்து காய்ச்சல் திரும்பியதும் எங்களிடம் வருகிறார்கள். கவருக்குள் வெட்டிய அட்டைத் துண்டுகள். ஒன்று பாராசிட்டமால், ஒன்று சளிக்கு, அப்புறம் ஒரு சின்ன மாத்திரை. பல நேரம் அது டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு.

அது நன்றாகக் கேட்கும் என்பதுதான் வம்பே. காய்ச்சல் இறங்கும், உடம்புவலி போகும், பசிகூட எடுக்கும். கடைக்கும் கைராசி என்று பேர் கிடைக்கும். ஆனால் அந்தக் காய்ச்சலையும் வலியையும் பெரும்பாலும் உண்டாக்குவது, வைரஸைப் பார்த்து நம் வெள்ளை அணுக்களும் மற்ற செல்களும் எழுப்பும் கூச்சல். ஸ்டீராய்டு கூச்சலை அடக்குகிறது. வைரஸ் அப்படியே இருக்கிறது.

கோவிட் இதை நன்றாகக் காட்டிவிட்டுப் போனது. முதல் வாரத்தில் வைரஸ் பெருகும்; லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் அதைத் தேடி அழிக்க வேண்டிய நேரம் அது. பலருக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும் இரண்டாம் வாரத்தில், வைரஸ் குறையத் தொடங்கிய பிறகு, மூச்சு வாங்கும். அப்போது நுரையீரலைக் கெடுப்பதில் வெள்ளை அணுக்களுக்கே பெரிய பங்கு உண்டு. நியூட்ரோபில்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசி கிருமியைப் பிடிக்கும் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். அந்த வலை அளவுக்கு மீறினால் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும். 2022இல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. கோவிட் நோயாளிகளின் ரத்தத்திலிருந்த மோனோசைட்டுகளில் (இவையும் வெள்ளை அணுக்கள்தான்) சுமார் 6 சதவீதத்துக்குள் வைரஸ் நுழைந்திருந்தது. உள்ளே போன வைரஸால் முழுசாகப் பெருக முடியவில்லை. ஆனால் அந்த அணுக்கள் வெடித்துச் செத்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கொட்டின.

அந்தக் கட்டத்தில் ஸ்டீராய்டு உயிர் காக்கும், மறுக்கவில்லை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு முடிவு வந்தபோது உலகமே மூச்சுவிட்டது. தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. அவர்களில் மருந்து எடுத்தவர்களின் இறப்பு 17.8 சதவீதம், எடுக்காதவர்களின் இறப்பு 14 சதவீதம். கெடுதல் என்று உறுதியாகச் சொல்ல அந்த வித்தியாசம் போதாது. நன்மை என்று சொல்ல வழியே இல்லை. உங்கள் கடைக்கு நடந்து வந்து செட் கேட்கிறவர் இந்தக் கூட்டத்தில்தான் வருவார்.

2021இல் கறுப்புப் பூஞ்சை நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல் தாக்கியதும் மறந்திருக்காது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும், கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

என் தொழில் சார்ந்த எரிச்சல் ஒன்றும் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை ஸ்டீராய்டு ரத்த ஓட்டத்துக்குள் தள்ளிவிடும். வெள்ளை அணு கவுண்ட் ஏறும், லிம்போசைட் இறங்கும். வைரஸ் காய்ச்சல்காரரின் ரிப்போர்ட் பாக்டீரியா தொற்று மாதிரித் தெரியும். மாத்திரை விஷயம் தெரியாத டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதுவார். டெங்குவில் குறைய வேண்டிய வெள்ளை அணு கவுண்ட்கூட இப்படி ஏமாற்றலாம்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் இதைத் தரக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். நாலு கடை தள்ளிப் போனால் கிடைக்கும், நாம் மட்டும் ஏன் வியாபாரத்தை விட வேண்டும் என்ற கேள்வியும் எனக்குப் புரிகிறது. ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ சீட்டோடு வருபவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். அவர்கள் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. வெறும் காய்ச்சல் என்பவருக்குப் பாராசிட்டமால் கொடுத்து, எத்தனையாவது நாள், மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். வாங்குகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அப்புறம், எதைக் கொடுத்தாலும் கவர் மேல் மாத்திரையின் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். ரிப்போர்ட்டோடு அதையும் டாக்டரிடம் காட்டச் சொல்லி நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்